நாலு தலை எண்ணியாச்சு

போன வாரம் தூத்துக்குடி விமான நிலையத்தில் பயணிகள் ஏறி முடிக்கட்டும் என்று காத்திருந்தோம். என் பக்கத்து இருக்கையில் புதிதாகச் சேர்ந்த துணை விமானி. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், நெற்றியில் திருநீற்றுக் கீற்றோடு வருகிறவர். கையில் சரிபார்க்கவேண்டியதை வரிசையாக அச்சடித்த அட்டை இருக்கிறது, எதிரே திரை இருக்கிறது, பக்கத்தில் மூத்தவன் என்று நான் ஒருத்தன் இருக்கிறேன். இத்தனை இருந்தும் மனிதர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுண்டுவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக மடக்கி வாய்க்குள்ளேயே என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைக் கண்டதும் வெட்கம் வந்துவிட்டது. "படிக்கிற காலத்துல இருந்து பழக்கம் சார்" என்றார். "சொல்லுங்க, சொல்லுங்க, நான் காதை மூடிக்கிறேன்" என்றேன்.

காதை மூடலாம், மூக்கை என்ன செய்ய? எரிபொருள் வண்டி அப்போதுதான் நகர்ந்து போயிருந்தது. விமானத்துக்கு ஊற்றுவது ஏதோ தேவலோகத்துச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கிட்டத்தட்ட மண்ணெண்ணெய்தான். அந்த வாடையும் இந்த முணுமுணுப்பும் ஒன்றாகச் சேர்ந்தால் எனக்கு விமானம் மறந்துபோகும். சாத்தூர்ப் பக்கத்தில் எங்கள் வீட்டு அடுக்களையும், சிலிண்டர் தீர்ந்த நாட்களில் மதினி பம்ப் அடித்துப் பற்றவைக்கும் ஸ்டவ்வும்தான் கண்முன் வரும். மதினி என்றால் என் அண்ணன் மனைவி. பேச்சுத்துணை, கேலிக்காரி, என் முதல் பரீட்சை மேற்பார்வையாளர்.

விமானிகளுக்கு மூளை பெரிது என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. எனக்குப் பெண் பார்க்கப் போன இடங்களில் அதை நான் மறுக்கவில்லை. உண்மை வேறு. மேலே போனதும் முதலில் கழன்று போவது மூளைதான். தரையில் தலைகீழாக ஒப்பித்ததெல்லாம் ஆயிரம் அடியில் ஆவியாகிவிடும். இது வெள்ளைக்காரனுக்கு அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது. அதனால்தான் குழந்தைகளுக்கு எழுதுவதுபோல எதுகை மோனை போட்டு, முதலெழுத்துகளைக் கோத்து, சின்னச் சின்ன வாய்ப்பாடுகளாகச் செய்து வைத்திருக்கிறான். இறங்குமுன் சொல்ல ஒன்று, இன்ஜின் நின்றால் சொல்ல ஒன்று, திசைகாட்டியைத் திருத்த ஒன்று. மீசை முளைத்த ஆண்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு மேகத்துக்கு நடுவே இதைத்தான் சொல்லிக்கொண்டு போகிறார்கள்.

எனக்கு அந்த ஆங்கில எதுகைகள் நாக்கில் நிற்கவில்லை. வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்திருந்தேன். விமானம் ஓட்ட வந்தது, பரீட்சை எழுத வரவில்லை. திசை பார்க்கும் பாடமும் வானிலைப் பாடமும் அடுத்தடுத்துக் கவிழ்த்துவிட்டன. மறுபடி எழுதுவதற்குப் படிக்க ஊருக்கு வந்தேன். கிணற்றோடு சேர்ந்த எங்கள் கரிசல் புஞ்சையை அப்பா என் படிப்புக்காகத்தான் விற்றிருந்தார். விற்ற வருத்தத்தை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. "மழை பேயாத காட்டுக்கு வானமே பரவாயில்ல" என்பார். காடு போனதும் வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போகவேண்டி வந்தது. அண்ணன் ஆலங்குளம் சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லோடு அடிக்கும் லாரிக்குப் போனான். அதுவரை சொந்தக் காட்டில் களை எடுத்த மதினி பட்டாசு செய்யும் வெடிக் கம்பெனி வேனில் ஏறினாள். நான் பறப்பதற்காக அவள் அந்த வேனில் ஏறினாள் என்று இன்றைக்கு ஒரே வரியில் எழுத முடிகிறது. அன்று அந்த வீட்டில் யாரும் அப்படிச் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

சாயங்காலம் வேனை விட்டு இறங்கும்போது அவள் இமை, காது மடல், நகக்கண் எல்லாம் அலுமினியப் பொடி அப்பி மினுங்கும். எண்ணெயும் சீயக்காயும் போட்டுத் தேய்த்தாலும் முழுதாகப் போகாது. "பாருங்க கொழுந்தனாரே, உங்க அண்ணன் ஒரு கொலுசு வாங்கித் தரமாட்டாக. கம்பெனியில மேலெல்லாம் வெள்ளி பூசி அனுப்புறாக" என்பாள். அப்படியே ஸ்டவ்வுக்கு முன்னால் உட்கார்ந்து, "ம், ஒப்பிங்க" என்று எனக்கு உத்தரவு போடுவாள்.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளும் வந்துவிடுவாள். அவளும் அதே கம்பெனிதான். ஆனால் மருந்துப் பக்கம் இல்லை, தள்ளி இருந்த பெட்டி ஒட்டும் கொட்டகையில் வேலை. புருஷன் இல்லை, செல்வி என்று பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். பேச்சிக்குச் சிரிக்க ஒரு காரணம் போதும். என்னைவிட நல்ல காரணம் அந்தத் தெருவில் அப்போது கிடையாது.

வரைபடத்தில் இருக்கும் வடக்கும் காந்தம் காட்டும் வடக்கும் ஒன்றில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கிழக்கே சாய்ந்தால் கழிக்கவேண்டும், மேற்கே சாய்ந்தால் கூட்டவேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு எதுகை உண்டு. நான் அதைத் தினமும் திருப்பிப் போட்டுச் சொல்லி விமானத்தை இலங்கைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். மதினி கேட்டாள், யோசித்தாள், அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

"கெழக்க போனா கொறையும், மேக்க போனா நெறையும். கெழக்க ராம்நாட்டுச் சீமை, தண்ணி கொறையும். மேக்க மலை, தண்ணி நெறையும். இதுல மறக்க என்ன இருக்கு?"

அதன்பிறகு இன்றுவரை நான் அதை மறக்கவில்லை. காற்றழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பறந்தால் உயரம் காட்டும் மானி பொய் சொல்லும், இருப்பதைவிட உயரத்தில் இருப்பதாகக் காட்டும், நிஜத்தில் தரை பக்கத்தில் வந்திருக்கும். இதற்கும் அவள் அடி கட்டினாள். "கூடுனதுல இருந்து கொறஞ்சதுக்குப் போனா காலடியப் பாரு." கட்டிவிட்டு, "வசதியான வீட்டுல இருந்து இங்கன வாக்கப்பட்டு வந்தவ நான். எனக்குத் தெரியாதா?" என்றாள். பேச்சி சிரித்துச் சிரித்துக் கதவில் சாய்ந்துவிட்டாள். ஓடுபாதை ஓரத்து விளக்குகள் சரியான உயரத்தில் வந்தால் சிவப்பு மேலும் வெள்ளை கீழுமாகத் தெரியும். எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தால் உயரம் அதிகம், எல்லாம் சிவப்பென்றால் செத்தோம். அதற்கு மதினியின் பாட்டு: "எல்லாம் வெள்ளைன்னா வானம், எல்லாம் செவப்புன்னா மசானம், வெள்ளைக்கு மேல செவப்பிருந்தா வீடு." எந்த விமான நிலையத்தில் இறங்கும்போதும் நான் சொல்வது இதைத்தான். கூட இருப்பவர்கள் நான் சாமி கும்பிடுவதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

விமானம் சுழன்றபடி விழும்போது மீட்கும் பாடம் இருக்கிறதே, அதுதான் எல்லாரும் பயப்படும் பாடம். "சங்குச்சக்கரம் சுத்துறாப்லயா?" என்றாள் மதினி. ஆமாம், அதேதான். மூக்கு தரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும். மனசு மூக்கைத் தூக்கு தூக்கு என்று கதறும். தூக்கினால் முடிந்தது கதை. விசையைக் குறைத்து, இறக்கையை நேராக்கி, சுற்றுக்கு எதிர்க்காலை மிதித்து, மூக்கை இன்னும் முன்னால் தள்ளவேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சோற்று அகப்பையைக் காலுக்கு நடுவே பிடித்துக்கொண்டு நான் பயிற்சி செய்தேன். "அமுக்கு, நிமித்து, மிதி, தள்ளு" என்று மதினி ஸ்டவ் முன்னால் இருந்து கத்துவாள். ஒரு நாள் தள்ளிய வேகத்தில் நாற்காலி குடைசாய்ந்து குழம்புச் சட்டியில் விழப்பார்த்தேன். விமானத்தில் அப்படி ஒருபோதும் நடந்ததில்லை என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

இரண்டு பரீட்சையும் தேறினேன். தேறியதைச் சொன்னபோது அவள் "யாரு, நானா?" என்றாள்.

எல்லாவற்றிலும் அவளுக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. விமானி விமானத்தைச் சோதிக்குமுன் தன்னைச் சோதிக்க ஆறு கேள்வி இருக்கிறது. உடம்பு சரியா? மருந்து ஏதும் எடுத்தாயா? மனசில் பாரம் உண்டா? குடித்தாயா? தூங்கினாயா? சாப்பிட்டாயா? "வெள்ளைக்காரனுக்குக் கையில ஆறு விரலா?" என்று முதலில் கேலி செய்தாள். அப்புறம் கேலியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"இதுல ஒண்ணு சரியில்லைன்னா?"

"பறக்க மாட்டேன்னு சொல்லிரணும் மதினி."

"சொன்னா திட்ட மாட்டாகளா?"

"திட்டக் கூடாது. வேற ஆளு வருவாக."

"அவுகளுக்கும் சரியில்லைன்னா?"

"ஃப்ளைட் நிக்கும்."

"அம்புட்டுப் பேரையும் ஏத்தி வச்சுக்கிட்டா?" அவள் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். நான் சொன்ன பொய்களிலேயே பெரிய பொய் அதுதான் என்று நினைத்துவிட்டாள் போல. "வேலைக்கு வரமாட்டேன்னு சொல்றதுக்கும் பாட்டு வச்சிருக்காக பாருடி பேச்சி."

சிரித்தாளே தவிர, விட்டுவிடவில்லை. நான் பயிற்சிக்குத் திரும்பிப் போய், அடுத்த விடுப்பில் வந்தபோது மதினி தன் வேலைக்கே ஒரு பாட்டுக் கட்டி வைத்திருந்தாள். அவள் வேலை மருந்து செலுத்தும் அறையில். வெடிமருந்தை எங்கள் பக்கம் மருந்து என்றுதான் சொல்வோம், வேறு மருந்துகளைத்தான் 'ஆஸ்பத்திரி மருந்து' என்று பிரித்துச் சொல்லவேண்டும். அந்த அறைக்குள் இரும்பு கூடாது, உரசல் கூடாது. நைலான் சேலையில் கூடப் பொறி இருக்கிறது. வாசலில் பதித்த செப்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் உள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஒரு அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது. இதெல்லாம் சுவரில் எழுதிப் போட்டிருக்கும். சுவரை யார் படிக்கிறார்கள்? மதினியின் அறைப் பெண்கள் வாசலில் நின்று கும்மித் தாளத்தில் தொடைதட்டிப் பாடிவிட்டு உள்ளே போவார்கள்.

கொண்டை ஊசி கழட்டியாச்சு,
கொலுசு செருப்பு கழட்டியாச்சு,
நூலுச் சேலை கட்டியாச்சு,
தகட்டத் தொட்டுக் கும்பிட்டாச்சு,
நாலு தலை எண்ணியாச்சு,
நடக்க வாசல் பாத்தாச்சு.

கடைசி வரி, ஓட வழியில் சாக்கோ பெட்டியோ கிடக்கிறதா என்று பார்ப்பதற்கு. கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஆறு கேள்விக்கு ஆறு அடி. அடுத்த அறைப் பெண்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். போர்மேன் கூட "நம்ம கம்பெனிப் பாட்டு" என்று வந்தவர்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டாராம். பெட்டி ஒட்டும் பேச்சிக்கு அந்தப் பாட்டுத் தேவையே இல்லை. அவள் தெருவில் தண்ணீர் பிடிக்கும்போது அதைத்தான் பாடிக்கொண்டு நிற்பாள். நான்தான் இதற்கெல்லாம் மூலகாரணம் என்று கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

லைசென்ஸ் கையில் வந்தது, வேலை வரவில்லை. எங்கள் தொழிலில் அது சகஜம். தீபாவளிக்கு முந்தைய சீசன் முழுக்க வீட்டில் இருந்தேன். வடநாட்டு ஆர்டருக்கு லோடு ஏற்றும் அவசரம், வேன் விடிவதற்குள் வந்து நிற்கும். அந்த நாட்களில் ஒரு காலை, மதினிக்கு இரண்டாம் நாள் காய்ச்சல். கடையில் வாங்கிய மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கண் சிவக்கச் சிவக்கத் தூக்குச் சட்டியில் சோறு அடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் லோடுக்குப் போயிருந்தான். கை தன்பாட்டில் வேலை செய்ய, வாய் தன்பாட்டில் பாட்டை முணுமுணுத்தது. அடுக்களை வாசலில் நின்று கேட்டேன். தகட்டைத் தொட்டுக் கும்பிட்டாயிற்று. அதற்கு அடுத்த வரி புதிதாக இருந்தது.

"மாரியாத்தாள நெனைச்சாச்சு."

"மதினி, அந்த எடத்துல தலை எண்ற அடியில்ல வரும்?"

"அது மாத்தி நாளாச்சு. சீசன்ல ஏழெட்டுப் பேரு உக்காருதோம். நாலு தலைன்னு பாடுனா எங்களுக்கே சிரிப்பு வருது. போர்மேன் அண்ணாச்சியும், 'அந்த ஒத்த அடிய மட்டும் விட்டுருங்க தாயி, வாரவுக போறவுக காதுல விழுந்தா வம்பு'ன்னாக. விட்டா தாளம் இடிக்கி. அதான் இருக்கன்குடி ஆத்தாளைக் கூட்டியாந்து உக்கார வச்சேன். நல்லாத்தான் இருக்கு, பாடிப் பாருங்க."

பாடிப் பார்க்கவேண்டியதே இல்லை. நன்றாகத்தான் இருந்தது. பழைய வரியைவிட இதுதான் தாளத்துக்குக் கச்சிதம். ஒரு ஓட்டை இருப்பதே தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எங்கள் வாய்ப்பாட்டில் ஒவ்வொரு எழுத்தும் யாரோ ஒருத்தர் விழுந்து செத்த பிறகு சேர்த்தது, அதில் கைவைக்க எந்தக் கொம்பனுக்கும் உரிமை கிடையாது என்று கத்தினேன்.

"எங்க பாட்டுல ஆத்தாளாவது இருக்கா. உங்க பாட்டுல யாரு இருக்கா?" என்றாள்.

 நான் அவள் கையைப் பிடித்து விரலை மடக்கினேன். உடம்பு? சுடுகிறது. மருந்து? போட்டிருக்கிறாள். மனசில் பாரம்? "அது என்னைக்குத்தான் இல்ல?" குடி? "செருப்பு பிஞ்சிரும்." தூக்கம்? இல்லை. சாப்பாடு? இறங்கவில்லை. ஆறில் தேறியது குடி ஒன்றுதான். மதினி தன் கையையே பார்த்தாள். காய்ச்சலோடு சிரித்தாள்.

"சரி கொழுந்தனாரே. இன்னைக்கு நான் பறக்கல. போதுமா?"

அவ்வளவு சுலபத்தில் ஒப்புக்கொள்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷம் முதன்முதலாகத் தனியாக விமானம் ஓட்டிய அன்றுகூட இருந்ததில்லை. வேன் வந்தது. பேச்சி எட்டிப் பார்த்தாள். "படுத்துக் கெடங்கக்கா. நான் சொல்லிக்கிடுதேன். சுக்குத் தண்ணி வச்சுக் குடிங்க" என்று சொல்லிவிட்டு ஏறிப்போனாள்.

எங்கள் ஊர்ப்பக்கம் வெடிச் சத்தம் புதிதில்லை. கம்பெனிகளில் மாதிரிக்கு வெடித்துப் பார்ப்பது தினம் கேட்கும், நாய்கூடத் தலையைத் தூக்காது. உச்சிப்பொழுதுக்கு முன்னால் கேட்ட சத்தம் அந்த மாதிரி இல்லை. ஜன்னல் கம்பி அதிர்ந்தது, அடுக்கில் இருந்த தட்டு ஒன்று விழுந்தது. மாத்திரை மயக்கத்தில் படுத்திருந்த மதினி எழுந்து உட்கார்ந்து, எங்கள் ஊரில் எல்லாரும் முதலில் கேட்பதைத்தான் கேட்டாள்.

"எந்தப் பக்கம்?"

மேற்கே புகை நின்றது. மதினியின் கம்பெனிப் பக்கம்.

நானும் அவளும் பைக்கில் போனோம். வாசலில் ஏற்கெனவே கூட்டம். உள்ளே விடவில்லை. கைபேசி கொண்டுபோகக் கூடாது என்பதால் எல்லாருடைய போனையும் வாசல் காவல் அறையில் ஒரு தகரப் பெட்டியில் வாங்கி வைத்திருப்பார்கள். சத்தம் கேட்ட ஊர்களில் இருந்தெல்லாம் வீட்டுக்காரர்கள் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெட்டிக்குள் இருந்து சாமி பாட்டும் சினிமாப் பாட்டும் குழந்தைச் சிரிப்பும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டே இருந்தன. நின்றால் மறுபடி ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு எத்தனையோ இரைச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அதைப்போல ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை.

போனது மதினியின் அறைதான் என்று தெரிந்துவிட்டது. அவள் ஒவ்வொரு பெயராகச் சொல்லி அழுதாள். பேச்சியின் பெயரைச் சொல்லவில்லை, பேச்சிக்கு ஒன்றும் இருக்காது என்று நம்பினாள். பெட்டிக் கொட்டகை எங்கோ இருந்தது, இடிபடாமல் நின்றது வெளியிலிருந்தே தெரிந்தது. "பேச்சி எங்கனடி? பேச்சிய வரச் சொல்லுங்க" என்று வெளியே வந்தவர்களிடமெல்லாம் கேட்டாள். அடுத்த அறையிலிருந்து தப்பி வந்த ஒரு பெண், முகமெல்லாம் கரியோடு, இவளைப் பார்த்து நின்றாள்.

"ஒங்க எடத்துலதான் பேச்சிய உக்கார வச்சாகக்கா. நீங்க வரலைன்னதும் போர்மேன் போயி கூட்டியாந்தாரு."

 அந்தப் பெண்ணுக்கு நிறுத்தத் தெரியவில்லை. அவளும் யாரிடமாவது சொல்லித்தானே ஆகவேண்டும்.

"மருந்து ரூம்பு பழக்கமில்லையே, பாட்டாவது தெரியுமாடின்னு கேட்டோம். தெரியாதாக்கும்னு எங்களையெல்லாம் முந்திக்கிட்டுக் கணீர்னு பாடுனா. ஒரு அடி விடலக்கா."

பழைய பாட்டில் தலை எண்ணும் அடி ஒன்று இருந்தது. அது இருந்திருந்தால் மட்டும் பேச்சி எழுந்து வெளியே வந்திருப்பாளா என்று நீங்கள் கேட்கலாம். நானும் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தேன். வந்திருக்க மாட்டாள். அவளுக்கும் மற்றவர்களுக்கும் எண்ணத் தெரியும், நாலுக்கு மேல் கூடாது என்றும் தெரியும். மறந்துபோய் யாரும் அங்கே சாகவில்லை. மறதிக்குத்தான் வாய்ப்பாடு. எழுந்து போக முடியாததற்கு எந்த வாய்ப்பாடும் கிடையாது. நான் முடியாது என்றால் என் இடத்தில் வருகிறவரும் அதே ஆறு கேள்வியைக் கேட்டுக்கொள்வார். அவரும் முடியாது என்றால் விமானம் நிற்கும். நிற்கும் என்பதால்தான் அந்தக் கேள்விகளுக்கு மரியாதை. மதினி அன்றைக்கு இதை ஒரே சிரிப்பில் கண்டுபிடித்தாள். எனக்கு அந்தப் புகையைப் பார்க்கவேண்டி இருந்தது.

சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போனவர்களோடு நானும் போனேன். யாரோ கைதானார்கள், வெளியே வந்தார்கள். அந்த இடம் கொஞ்ச காலம் பூட்டிக் கிடந்தது. பிறகு வேறு பெயர்ப் பலகையோடு திறந்தார்கள். எனக்கு வேலை கிடைத்தது. கிளம்பும் நாளில் மதினியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். ஸ்டவ் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவள் மேல் வெள்ளி இல்லை, கம்பெனிப் பக்கமே அவள் திரும்பவில்லை. விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் காம்பு கிள்ளும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"நீங்க போட்ட கணக்கு சரிதான் கொழுந்தனாரே. எனக்குச் சரி" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என்னைக் கேலி செய்யவில்லை. மரியாதையாகப் பேசுகிறாள், சோறு போடுகிறாள், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள். எங்களுக்குள் இருந்தது போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். புது விமானத்தில் படிக்கவேண்டியது நிறைய இருக்கிறது மதினி, ஒன்றும் மண்டையில் ஏறவில்லை என்று புத்தகத்தைக்கூடத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். "படிச்சா ஏறும்" என்று சொல்லிவிட்டு அரிசியைக் களைந்தாள்.

வானம் தெளிவான நாட்களில் எங்கள் ஊருக்கு மேலே போகும்போது கம்பெனி அறைகள் தெரியும். கரிசலில் சின்னச் சின்ன வெள்ளைக் கட்டிடங்கள், ஒன்றுக்கொன்று சரியான இடைவெளி விட்டு, கோலத்துக்கு வைத்த புள்ளிபோல. மேலே இருந்து பார்த்தால் எல்லாம் விதிப்படிதான் இருக்கிறது. எந்த அறைக்குள் எத்தனை பேர் என்பது மட்டும் அவ்வளவு உயரத்தில் தெரியாது. துணை விமானிகள் "சார், உங்க ஊர்" என்று காட்டுவார்கள். ஆமாம் என்று சொல்வேன். 

அந்தக் கோயம்புத்தூர்க்காரர் விரல் மடக்கிய வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். செல்வி இப்போது மதினி வீட்டில்தான் இருக்கிறாள். பேச்சியின் ஆட்கள் யாரும் கூட்டிப்போகவில்லை, மதினியும் விடவில்லை. படித்தவரை படித்தாள். அப்புறம் என்னவோ காரணங்கள், எல்லா வீட்டிலும் இருக்கும் காரணங்கள்தான். நான் பணம் அனுப்புகிறேன் என்றதற்கு அந்தப் பெண் வேண்டாம் என்றுவிட்டது. போன மாதத்திலிருந்து வேலைக்குப் போகிறாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. வேனைப் பார்த்ததும் தெரிந்தது. அதே வழியில் போகும் வேன், பெயர் மட்டும் வேறு.

காலையில் மதினி தூக்குச் சட்டியில் சோறு அடைத்தாள். செல்விக்குத் தலை பின்னிவிட்டாள். ஊசி குத்தவில்லை, நூல்நாடாவால் கட்டினாள். அவ்வளவுதான். பாட்டு எதையும் முணுமுணுக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்தப் பாட்டைச் சொல்லிக் குடுத்தீகளா மதினி? பழைய பாட்டை?"

"இல்ல."

"முழுசாச் சொல்லிக் குடுக்கலாம்ல?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. செல்வி தெருவில் இறங்கி நடக்கட்டும் என்று காத்திருந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"பாட்டுத் தெரிஞ்சா தைரியம் வந்துரும் கொழுந்தனாரே. எல்லாம் பாத்தாச்சுன்னு உக்காந்துருவா. அவ பயந்துக்கிட்டே போகட்டும். பயத்துலதான் எந்திரிச்சு ஓடுவா."

இப்போது எந்த அறை வாசலிலும் அந்தப் பாட்டு இல்லை. பாடியவர்களில் பலர் இல்லை, இருப்பவர்கள் பாடுவதில்லை, புதிதாக வந்தவர்களுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. நாங்கள் இருவரும் வேன் நிற்கும் இடம் வரை பின்னாலேயே போனோம். உள்ளே பெண்கள் அரைத்தூக்கத்தில் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து கிடந்தார்கள். செல்வி படியில் கால் வைத்துக் கம்பியைப் பிடித்தாள். பிடித்த கை நடுங்கியது. அந்த நடுக்கத்தைப் பார்த்த பிறகுதான் மதினி வீட்டுக்குத் திரும்பினாள்.